லடாக் வேணாம்... அப்பாவைக் கூட்டிக்கிட்டு பழவேற்காடு போங்க

டிசம்பர் பொறந்தா போதும், நம்ம ஐ.டி. மக்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துடும். மிச்சம் இருக்கற லீவை விரல் விட்டு எண்ணிட்டு "மச்சி, இந்த வருஷம் எப்படியாச்சும் ஸ்னோ பாத்துடணும்"னு ஆரம்பிப்பாங்க. முன்னாடி எல்லாம் இது பசங்களா சேர்ந்து பண்ற வேலை. இப்ப கொஞ்ச நாளா புது வெர்ஷன் ரிலீஸ் ஆகியிருக்கு: அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு பனி தேசத்துல ரோடு ட்ரிப். வாழ்நாள் பூரா நமக்காக உழைச்சவங்களுக்கு ஒரு நன்றிக்கடனாம்.

நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லல. ஆனா அதுக்கு ஏன் மணாலி? அதுக்கு ஏன் லே? இதுதான் என் கேள்வி. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு சண்டைதான், பிடிக்காதவங்க இங்கயே இறங்கிக்கலாம் :-)

முதல்ல ஒரு சின்ன விவரம். லே ஊரே கடல் மட்டத்துலேருந்து 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு. நல்லா ஓடியாடுற இருபத்தஞ்சு வயசுப் பையனே அங்க இறங்கி ரெண்டு நாள் சும்மா படுத்திருந்தாதான் மூச்சு சரியாகும். பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் டப்பால போட்டு எடுத்துட்டு வர்ற அறுபது வயசுக்காரரை அங்க கொண்டுபோய் நிறுத்தறது அன்பா, தண்டனையா? குளிர்காலத்துல மணாலி - லே ரோடே மூடிடுவாங்க. 2020 அக்டோபர்ல திறந்த அடல் சுரங்கம் (9 கி.மீ. நீளம்) வந்தப்புறம் ரோதாங் கணவாய் ஏறாமலே லாஹுல் பக்கம் போயிடலாம், அது உண்மை. போயி? வாடகைக்குக் கிடைக்கற ரப்பர் பூட்ஸையும், நூறு பேர் போட்ட கோட்டையும் மாட்டிவிட்டு, ஐஸ் உருண்டை பிடிச்சு எறியச் சொல்லி வீடியோ எடுப்போம். அவங்களும் நமக்காகச் சிரிப்பாங்க.

வெளிநாட்டுல இருக்கற நண்பர்கள் கதையும் இதேதான். ஆறு மாச விசால அப்பா அம்மா வருவாங்க. காரோட பின்சீட்டுல உட்கார வச்சு எட்டு மணி நேரம் ஓட்டி நயாகராவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. குரங்குக் குல்லா, சால்வை, காலுல ஷூ, அதுக்கு மேல வேட்டி. அந்தப் போட்டோ இல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா சொல்லுங்க? அந்தப் போட்டோல அப்பாக்களோட முகத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. ஸ்டேஷன்ல இறக்கி வச்ச பெட்டி மாதிரி நிப்பாங்க. வழி தெரியாது, பாஷை தெரியாது, டீ எங்க கிடைக்கும்னு தெரியாது. எல்லாத்துக்கும் புள்ளை முகத்தைப் பாக்கணும். முப்பது வருஷம் ஒரு வீட்டையே ஓட்டின ஆளை ஒரே வாரத்துல லக்கேஜ் ஆக்கிடறோம்.

சரி, பனிக்கு வருவோம். நமக்குப் பனி இல்லையா என்ன? தமிழ்ல பனின்னா காலைல புல்லு மேல நிக்கறதும் அதுதான், இமயமலைல கொட்டறதும் அதுதான். ரெண்டுக்கும் ஒரே சொல்லு. வருஷத்தை ஆறு பொழுதாப் பிரிச்ச நம்ம ஆளுங்க அதுல ரெண்டைப் பனிக்கே எழுதி வச்சிருக்காங்க. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு எங்க பாட்டி சொல்லும். சென்னைல ஜனவரி மாசம் ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்துல நிக்கும், அவ்ளோதான். அதுக்கே நாம மப்ளர் கட்டிப்போம். அதை வச்சு வடநாட்டுக்காரன் கிண்டல் பண்ணட்டும், பரவாயில்ல. இது நம்ம குளிர்காலம். அப்பாக்களுக்குத் தெரிஞ்ச குளிர்காலம்.

அதனால என் யோசனை இதுதான். உங்க அப்பாவுக்கு உங்களைவிட நல்லாத் தெரிஞ்ச ஒரு ஊர் இருக்கும். வேலை பார்த்த ஊரோ, படிச்ச ஊரோ, மாமனார் வீட்டோட சண்டை போட்டுட்டு மூணு மாசம் போய் இருந்த ஊரோ... அங்க போங்க. சாவியை அவர் கையில கொடுத்துட்டு நீங்க பக்கத்து சீட்டுல உட்காருங்க.

எங்க வீட்டுல அது பழவேற்காடு. அப்பா ஈ.பி.ல ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். தொண்ணூறுகள்ல பொன்னேரிப் பக்கம் சில வருஷம் வேலை. அந்த ஏரிக்கரைல இருக்கற கம்பம் ஒவ்வொண்ணும் அவருக்குச் சொந்தக்காரங்க மாதிரி. போன தை மாசம் நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஏரியை முக்கால்வாசி சுத்திட்டு வந்தோம். தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி, பழவேற்காடு. திரும்பி வந்து நெடுஞ்சாலை பிடிச்சு கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை. அங்கேருந்து ஸ்ரீஹரிகோட்டா ரோடு, அப்புறம் நேலப்பட்டு. நடுவுல ஒரு ராத்திரி சூலூர்பேட்டைல லாட்ஜ். எல்லாம் சேர்த்து முன்னூறு கிலோமீட்டர் சொச்சம்தான். "இது ஒரு லாங் டிரைவா?"ன்னு கேக்காதீங்க. முப்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை "நிறுத்துடா"ன்னு, ஸாரி, அவரே நிறுத்திடறார்ல, அப்படிப் போனா முன்னூறே மூவாயிரம்தான்.

ஸ்டியரிங் யார் கையில இருக்குங்கறதுதான் விஷயமே. நான் ஓட்டினா கூகுள் மேப் சொல்ற நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்னு ஒரு வெறி வந்துடும். அப்பா ஓட்டினா மேப்புல இல்லாத இடத்துல எல்லாம் வண்டி நிக்குது. (அறுபது வயசுக்காரர் ஓட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு: 2019 திருத்தச் சட்டப்படி 55 வயசு தாண்டினவங்களுக்கு லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும். அதெல்லாம் பக்காவா இருக்கு. கண்ணுல புரை எடுத்தாச்சு. இருட்டினப்புறம் மட்டும் நான் ஓட்டறதுன்னு ஒப்பந்தம்.)

பொன்னேரி தாண்டினதும் காலை அஞ்சே முக்கால் இருக்கும். ரெண்டு பக்கமும் வயல், வயல் மேல அரை ஆள் உயரத்துக்குப் பனி. வைப்பர் போட்டா கண்ணாடி இன்னும் மங்குது. அப்பா வண்டியை ஓரம் கட்டிட்டு இறங்கி மேல பார்த்தார். நான் ஏதோ பறவைன்னு நினைச்சு கேமராவை எடுத்தேன்.

"கேட்குதா?"ன்னார்.

சின்னதா ஒரு உஸ்ஸ் சத்தம். அடுப்புல எண்ணெய் காயற மாதிரி. கம்பத்துக்கு மேல இருந்து.

"இன்சுலேட்டர் பாடுதுடா. உப்பு."

நான் ஈ.ஈ.ஈ. படிச்சவன் (படிச்சிட்டு ஜாவா எழுதறேன், அது வேற சோகம்). ஃப்ளாஷ்ஓவர்னு ரெண்டு மார்க் கேள்விக்கு டெஃபனிஷன் எழுதி பாஸ் பண்ணவன். அதைக் காதால கேட்டது அன்னிக்குத்தான். அப்பா சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். கடல்காத்துல வர்ற உப்பு இன்சுலேட்டர் மேல படிஞ்சிக்கிட்டே இருக்கும். காய்ஞ்ச உப்பு கரண்டைக் கடத்தாது, பிரச்சனை இல்ல. நல்ல மழை கொட்டினா மொத்தத்தையும் கழுவிட்டுப் போயிடும், அப்பவும் பிரச்சனை இல்ல. வில்லன் பனிதான். உப்பைக் கழுவற அளவுக்குத் தண்ணி இருக்காது, ஈரமாக்கற அளவுக்கு மட்டும் இருக்கும். ஈர உப்பு ஒரு படலமா மாறி, கரண்ட் அது மேல ஊர்ந்து கம்பத்துக்கு இறங்கப் பார்க்கும். அந்த உஸ்ஸ் அதுதான். முத்திப்போனா டமால், லைன் ட்ரிப்.

அதனால கடலோர ஈ.பி. ஆளுக்கு கார்த்திகை மழைல ஒரு வேலை, தை மாசத்துல வேற வேலை. மழை நின்னு மூணு நாலு வாரம் உப்பு படிஞ்சு, பனி இறங்கற விடிகாலைதான் லைன் போகும். சரியா ஐஸ் கம்பெனிக்குக் கரண்ட் வேணுங்கற நேரம். மீன் வந்து இறங்கற நேரம். சப்ளையை நிறுத்திட்டு, கம்பம் ஏறி, ஒவ்வொரு இன்சுலேட்டரையும் துணியால துடைக்கணும். "விரல் வெறச்சிப் போயிடும். கீழ நின்னுகிட்டு ஐஸ் கம்பெனிக்காரன் எங்க ஆத்தாளைத் திட்டுவான். மேல நின்னு நான் அவன் ஆத்தாளைத் திட்டுவேன். எறங்கி வந்ததும் அவனே டீ வாங்கித் தருவான்." இதைச் சொல்லும்போது அப்பா முகம் எப்படி இருந்ததுன்னா... வேணாம், எனக்கு எழுத வரல. இருபத்தெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், இந்தக் கதையை நான் கேட்டதே இல்ல. அவர் சொல்ல மாட்டேன்னு சொல்லல. ஹால்ல டிவி முன்னாடி உட்கார்ந்துகிட்டு யாராவது இன்சுலேட்டர் பத்திப் பேசுவாங்களா? அந்தப் பேச்சுக்கு அந்தப் பனி வேணும், அந்தச் சத்தம் வேணும். ஐஸ் உருண்டை எறிஞ்சா இதெல்லாம் வெளிய வராது மக்களே.

பழவேற்காடு ஊரைப் பத்தி எல்லாரும் எழுதறது டச்சுக் கல்லறை. நானும் ரெண்டு வரி எழுதிடறேன், இல்லைன்னா அடிக்க வருவீங்க. டச்சுக்காரன் 1613-ல ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க இங்கேருந்துதான் ஆண்டான். கோட்டை இப்ப புதரும் மேடுமா கிடக்கு. கல்லறை மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின கல்லு, உள்ள பெரிய பெரிய கல்வெட்டு. துணியும் போச்சு, வெடிமருந்தும் போச்சு, கூடவே மனுஷங்களையும் அடிமையா ஏத்தி பத்தாவியாவுக்கு அனுப்பினான். அந்தக் கல்லறைக் கல்லோட அழகைப் பத்தி மட்டும் எழுதறவங்க இதையும் ஒரு வரி சேர்த்துக்கலாம். இன்னொண்ணு, மலேசியால இன்னிக்கும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிக்காட்"னுதான் பேரு. அந்தப் பெலிக்காட் நம்ம பழவேற்காடுதான். கோட்டை போயிடுச்சு, லுங்கி நின்னுடுச்சு!

எனக்கு அங்க பிரமிப்பா இருந்தது பாடு. பாடுன்னா கஷ்டம்னு அர்த்தம் இல்ல (ஒரு வகைல அதுவும்தான்). ஏரில இறால் பிடிக்கற இடத்தை முறை வச்சுப் பிரிச்சிக்கற ஏற்பாடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம்னு மூணு குப்பத்துக்காரங்க. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இருக்கற இடம் நல்ல இடம், உள்ள போகப் போக சுமார். யாருக்கு நல்ல இடம்னு சண்டை வரக்கூடாது இல்லையா? சீட்டுப் போட்டு, முறை போட்டு, இன்னிக்கு இந்தத் தலைக்கட்டு, அடுத்து அந்தத் தலைக்கட்டுன்னு மாத்தி மாத்திக் கம்பு ஊன்றி சுத்து வலை கட்டுவாங்க. நாம ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல ரவுண்ட் ராபின்னு படிச்சோமே, சாட்சாத் அதுதான். ஒருத்தனே ரிசோர்ஸைப் பிடிச்சு வச்சிக்க முடியாது.

உடனே "ஆகா நம் முன்னோர்"னு கிளம்பிட வேணாம். இந்த முறை அந்த மூணு குப்பத்துக்குள்ளதான். அதே ஏரிய நம்பி இருக்கற மத்த ஊர்க்காரங்களும், இருளர்களும் இந்தச் சீட்டுக்கு வெளிய. அதனால சண்டையும் நடந்திருக்கு. இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணில இறங்கி, சேத்துல கையால தடவித் தடவி இறால் பிடிக்கறாங்க. ஓலைல பின்னின பறிய பல்லுல கடிச்சிக்கிட்டு, பிடிச்ச இறாலை அதுல போட்டுக்கிட்டே போறாங்க. காலை ஆறரை மணிக்கு. குளிருதுன்னு நான் ஜெர்கின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டு நின்ன நேரம். ரொம்ப நேரம் அங்க நிக்க எனக்குக் கூச்சமா இருந்தது. கேமராவை உள்ள வச்சிட்டேன்.

கரைல வலை பிரிச்சிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட அப்பா நேராப் போய்க் கேட்டது மீன் விலை இல்ல.

"முகத்துவாரம் தொறந்திருக்கா?"

"இப்ப தொறந்துதான் சார் கீது. மழ வந்து அடிச்சிகினு போச்சி. சித்திரைல வந்து கேளுங்க."

அவ்ளோதான். ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டாங்க. எனக்கு அப்புறம் வண்டில ட்யூஷன் நடந்தது. வடக்கே கலங்கி, சுவர்ணமுகி, தெற்கே ஆரணி ஆறு, இதெல்லாம் நல்ல தண்ணியக் கொண்டு வருது. கிழக்கே முகத்துவாரம் வழியா கடல் உள்ள வருது. இறால் குஞ்சு கடல்லேருந்து அந்த வாசல் வழியாத்தான் ஏரிக்குள்ள வந்து வளரும். வாசல் மண்ணடிச்சு மூடிச்சுன்னா வெயில் காலத்துல ஏரி சுண்டி, உப்பு ஏறி, மீன் செத்து மிதக்கும். அந்தப் பெரியவருக்கு முகத்துவாரம்தான் சம்பளத் தேதி. வாசல் மூடாம நிலையாத் தொறந்து வைக்கணும்னு மீனவங்க எத்தனையோ வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க.

இங்கதான் எனக்குக் கோபம் வர்ற இடம். சிலபேர் "ஏரிக்கரைப் பயணம்னு ஆரம்பிச்சு அரசியல் பேசறான்"னு சொல்லுவீங்க. சொல்லுங்க. பழவேற்காட்டுக்குத் தெற்கே, ஏரியோட தொடர்ச்சியா இருக்கற கழிமுகப் பகுதில எண்ணூர்த் துறைமுகம் 2001-ல வந்தது, காட்டுப்பள்ளி 2013-ல. நம்ம கிழக்குக் கரைல மணல் வருஷத்துல பெரும்பாலும் தெற்கேருந்து வடக்கே நகர்ந்துகிட்டே இருக்கும். நடுவுல கல்லைக் கொட்டித் தடுப்பு கட்டினா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். இதுக்கு பி.எச்.டி. வேணாம், மெரினா அகலமாகி காசிமேடு பக்கம் கடல் உள்ள வந்த கதை நமக்கே தெரியும். அந்த வடக்குப் பக்கத்துலதான் பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஒல்லி மணல்திட்டு. இந்த நிலைமைல காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கர்லேருந்து 6,111 ஏக்கரா ஆக்கற திட்டம் கிளம்பிச்சு. 2021 ஜனவரில வைக்கறதா இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போச்சு. 2023 செப்டம்பர்ல மறுபடி தேதி குறிச்சாங்க, அதுவும் தள்ளிப்போச்சு. மீனவங்க எதிர்ப்புதான் காரணம்.

வேலைவாய்ப்பு வரும்னு சொல்றாங்க. வரட்டும். அந்த வலை பிரிச்ச பெரியவருக்கு என்ன வேலை குடுப்பாங்க, செக்யூரிட்டியா? ரவுண்ட் ராபின் தெரிஞ்ச ஆளு சார் அவரு!

அப்பா என்கூட இதுல முழுசா ஒத்துக்கல, அதையும் சொல்லிடறேன். "கரண்ட்டும் வேணும், கப்பலும் வேணும், ஏரியும் வேணும்னா எப்பிட்றா"ன்னார். எண்ணூர்ல அனல்மின் நிலையம் இல்லாம நான் எந்தக் கம்பத்துல ஏறியிருப்பேன்னும் கேட்டார். ஆரம்பாக்கம் வரைக்கும் இதே வாக்குவாதம். எங்க வீட்டுல பத்து நிமிஷத்துக்கு மேல இப்படிப் பேசிக்கிட்டதே இல்ல. முடிவு எதுவும் வரல. ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியைப் பாக்காம, ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசறதுல ஒரு சௌகரியம் இருக்கு.

தடால தெலுங்கு ஆரம்பிச்சிடும். சூலூர்பேட்டைல செங்காளம்மா கோயில், ராக்கெட் விடறதுக்கு முன்னாடி இஸ்ரோ தலைவருங்க வந்து கும்பிட்டுட்டுப் போற கோயில். அங்கேருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போற ரோடு இருக்கே, அதுதான் இந்தப் பயணத்தோட உச்சம். ஏரிக்கு நடுவுல மண்ணைக் கொட்டிப் போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் பார்வை முடியற வரைக்கும் தண்ணி, வானம், நடுவுல நேர்கோடா நாம. பனி விலகாத நேரத்துல போனா தண்ணி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. சினிமால காட்டற பனிப்பாலைவனம் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன், என்ன, ஸ்வெட்டர் தேவைப்படாது :-)

பூநாரைங்க அங்கதான். சிலபேர் டிசம்பர்லயே போயிட்டு "ஒண்ணுமே இல்ல, ஏமாத்து"ன்னு திட்டறாங்க. மழை நல்லா பெஞ்ச வருஷம் ஏரில தண்ணி ஆழமா இருக்கும், அதுங்களுக்கு முழங்கால் தண்ணிதான் சரிப்படும். தண்ணி வத்தற தை, மாசிதான் தோது. தலையைக் கவுத்து, அலகைத் தலைகீழா வச்சு, சேத்துத் தண்ணிய வடிகட்டிச் சாப்பிடும். அந்தப் பாசிலயும் குட்டி இறால்லயும் இருக்கற நிறமிதான் அதுங்க இளஞ்சிவப்புக்குக் காரணம். மொத்தமா ஒரு கூட்டம் எழும்பினப்போ அப்பா "டேய்"னு ஒரு சத்தம் போட்டார், சின்னப் பையன் மாதிரி.

தீவுக்குள்ள பாஸ் இல்லாம விட மாட்டாங்க. கேட் வரைக்கும் போய்த் திரும்பணும். (ராக்கெட் விடறதைப் பாக்க 2019-லேருந்து பார்வையாளர் மாடம் இருக்கு, ஆன்லைன்ல முன்பதிவு.) 1980 ஜூலைல எஸ்.எல்.வி.-3 ரோகிணியைத் தூக்கிட்டுப் போனது இங்கேருந்துதான். பள்ளிக்கூடத்துல அதைக் கேட்டுக் கைதட்டின தலைமுறை எங்க அப்பாவோடது. அதே தீவுலேருந்து யானாதிகளும் மீனவங்களும் கிளம்ப வேண்டி வந்ததும், ராக்கெட் விடற நாள்ல இந்தப் பக்கத்து மீனவங்க கடலுக்குப் போக முடியாததும் அதே கதையோட இன்னொரு பக்கம். "ரெண்டும் நெசம்தான்"ன்னுட்டு கியரை மாத்திட்டார்.

நேலப்பட்டு பத்தி நிறைய எழுத மாட்டேன். கூழைக்கடா கூடு கட்டி குஞ்சு பொரிக்கற இடம், தண்ணிக்குள்ள நிக்கற மரத்துல மரத்துக்கு இருபது. நாத்தம் தாங்காது. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது.

இப்ப உங்க ஆட்சேபணைகள். "பழவேற்காடுல ஒண்ணுமே இல்லையே, கக்கூஸ்கூட ஒழுங்கா இல்ல." ஒத்துக்கறேன். பெரியவங்களோட போறவங்க நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்லயே வேலையை முடிச்சிக்கிட்டு உள்ள திரும்புங்க. ஊருக்குள்ள சாப்பாடு பெருசா எதிர்பாக்காதீங்க, மடவையோ நண்டோ வாங்கி ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

"போட்டிங் உண்டா?" தயவுசெஞ்சு இந்தக் கேள்வியக் கேக்காதீங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு, ஜாலியா படகுல போன குடும்பங்கள்ல 22 பேர் இந்த ஏரில முழுகிச் செத்தாங்க. அது மீன் பிடிக்கற படகு, டூரிஸ்ட் ஏத்தற படகு இல்ல. லைஃப் ஜாக்கெட் இல்லாம கரைல யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு"ன்னு கூப்பிட்டா கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. பாலம் தாண்டி லைட்ஹவுஸ் பக்கம் போனா கரைலேருந்தே கடலும் தெரியும், ஏரியும் தெரியும். அது போதும்.

"எங்க அப்பாவுக்கு அப்படி ஊரே இல்லையே, பூரா சர்வீஸும் தேனாம்பேட்டை ஆபீஸ்தான்." அப்படின்னா தேனாம்பேட்டையச் சுத்துங்க! சும்மா சொல்லல. விடிகாலை அஞ்சு மணிக்கு, மார்கழில, அவர் பஸ் பிடிச்ச ஸ்டாப்பிங்லேருந்து.

அடுத்த தைக்கு வடக்கு முனை பாக்கணும்னு அப்பா சொல்லியிருக்கார், துகராஜபட்டினம். சென்னைக்கு முன்னாடியே இங்கிலீஷ்காரன் கடை போட்ட இடம். 2014 ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்துல அங்கயும் பெரிய துறைமுகம் வரும்னு எழுதி, ராக்கெட் தளம் பக்கத்துல இருக்குன்னு இழுபறி ஆன ஊர். இந்தத் தடவை அம்மாவும் வர்றாங்களாம். "நீங்க ரெண்டு பேரும் கம்பத்தைப் பாத்துகிட்டு நில்லுங்க, நான் மீன் வாங்கிக்கறேன்"னு இப்பவே கண்டிஷன் போட்டாச்சு. முன்சீட்டு யாருக்குன்னுதான் இன்னும் பேச்சுவார்த்தை முடியல.